நடுராத்திரி மோட்டாரைப் போடும் நூறு ரூபாய் போர்டு!
அளக்காமல் மாட்டினால் புகை. அளந்து மாட்டினால் நிம்மதி

கோவை:
ராத்திரி மணி இரண்டு. மும்முனைக் கரண்டு வந்துவிட்டது. தோட்டத்துக்காரர் என்ன செய்வார்? டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி, கிணற்று மேட்டுக்கு நடப்பார். வழியில் கட்டுவிரியன் கிடக்கும். மழைக் காலமென்றால் மோட்டார் ரூமில் கை வைக்கவே பயம். ஸ்விட்ச் போடப் போன மனிதர் திரும்பி வராத சோகம் கொங்குச் சீமைக்குப் புதிதல்ல.

இந்த நடைக்கு இப்போது ஒரு மாற்று வந்திருக்கிறது. சாளையில் கட்டிலில் படுத்தபடி போனில் நம்பரை அழுத்தினால் போதும், மோட்டார் ஓடும். இதற்குக் கம்பெனிப் பெட்டிகள் உண்டு. வேளாண் பொறியியல் துறை மானியமும் கொடுத்திருக்கிறது. ஆனால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்த பையன்கள் சும்மா இருப்பார்களா? பாகங்களை வாங்கித் தாங்களே பெட்டி கட்டிவிடுகிறார்கள்.

கோவைக்கு இது பழகிய வேலைதான். பைக்காரா மின்சாரம் 1930-களில் வந்தது. 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மோட்டாரைச் செய்துவிட்டார்கள். அந்த மண்ணில் இன்றைக்குப் பிள்ளைகள் ரிலேயும் சிம் போர்டும் வைத்து விளையாடுகிறார்கள்.

நடுவில் ஒரு குட்டிச் சாமான்

கரண்டு போனாலும் பெட்டி விழித்திருக்க வேண்டும். அதனால் உள்ளே 12 வோல்ட் பேட்டரி இருக்கும். ஆனால் போன் அழைப்பை வாங்கும் சிம் போர்டு 12 வோல்ட்டைத் தாங்காது. பலரும் வாங்கும் சிம்800எல் போர்டுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரைதான் ஆகும். பன்னிரண்டை நான்காக்கும் வேலையைச் செய்வது தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கன்வெர்ட்டர் போர்டு. எல்.எம்.2596 என்று அதன் சில்லில் எழுதியிருக்கும். விலை நூறு ரூபாய்க்குள்.

முன்பெல்லாம் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர்தான் கதி. அது 12 வோல்ட்டை 5 ஆக்கும். மிச்சம் 7 வோல்ட்டைச் சூடாக்கி வீணடிக்கும். அரை ஆம்பியர் ஓடினால் பேட்டரியிலிருந்து போவது 6 வாட். வேலைக்கு உதவுவது இரண்டரை வாட்தான். புதிய போர்டு அப்படியல்ல. வினாடிக்கு ஒன்றரை லட்சம் தடவை கரண்டை வெட்டி வெட்டி, காயில் வழியாக அனுப்புகிறது. நூற்றுக்கு எண்பது பங்கு வரை கைக்கு வரும். அதே வேலைக்கு 3 வாட்டுக்குச் சற்று மேல் போதும். பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் நிற்கும்.

புகைந்து போகும் கதை

ஆனால் வாங்கியவர் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்களா? எலக்ட்ரானிக் கடைகளில் இப்படிப் பேச்சு நடப்பது வழக்கம்:

"ஏனுங்க, நேத்து வாங்கிட்டுப் போன சிம் போர்டு புகைஞ்சு போச்சுங்க!"

"மொதல்ல மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க, அப்படியே மாட்டிட்டனுங்க."

சங்கதி இதுதான். புதுப் போர்டு எந்த வோல்ட்டில் நிற்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. முதலில் பேட்டரியை மட்டும் மாட்டி, மீட்டரை வைத்து, போர்டில் உள்ள சின்னத் திருகாணியைத் திருகி 4 வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பல சுற்று சுற்றினால்தான் முள் அசையும், பொறுமை வேண்டும். பிறகே சிம் போர்டை இணைக்கலாம். பிளஸ், மைனஸ் மாறினாலும் கதை முடிந்தது.

இன்னொரு மர்மமும் உண்டு. அழைப்பு வந்ததும் பெட்டி மயங்கிவிடும்! சிம் போர்டு டவரோடு பேசும் அந்த நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஒயர் மெலிதாக இருந்தால் வோல்ட் இறங்கிவிடும். போர்டுக்குப் பக்கத்திலேயே 1000 மைக்ரோபாரட் கண்டன்சர் ஒன்றும் தடித்த ஒயரும் போட்டால் மயக்கம் தெளியும். அது 2ஜி போர்டு என்பதால் ஜியோ சிம் அதில் பேசாது என்பதையும் மறக்கக்கூடாது.

சோலார்காரர்களுக்கும் எச்சரிக்கை. 12 வோல்ட் பேனல் என்று பெயர்தானே தவிர, லோடு இல்லாத வெயிலில் 21 வோல்ட் காட்டும். இரண்டைத் தொடராக இணைத்தால் 40-ஐத் தாண்டும். இந்தச் சில்லின் எல்லையே 40 வோல்ட்தான்!

உயிரோடு விளையாட்டு வேண்டாம்

பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் போர்டு பேட்டரிக் கரண்டுக்கு மட்டுமே. 230 வோல்ட் வீட்டுக் கரண்டை இதில் நேராகக் கொடுத்தால் வெடிக்கும். பேட்டரி சார்ஜ் செய்யத் தரமான அடாப்டர்தான் வேண்டும்.

அடுத்தது ரிலே. கடையில் கிடைக்கும் நீல நிறச் சின்ன ரிலேயில் 250 வோல்ட் என்று போட்டிருக்கும். மும்முனை ஸ்டார்ட்டரில் பல இடங்களில் காயிலுக்கு ஓடுவது 415 வோல்ட். அங்கே நீல ரிலேயை மாட்டுவது தீக்குச்சியை மாட்டுவதற்குச் சமம். அந்த வோல்ட்டுக்கு ஏற்ற ரிலேயை நடுவில் வைத்து, லைசென்ஸ் உள்ள வயர்மேன் கையால் இணைக்க வேண்டும். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டரையும் ஓவர்லோடு ரிலேயையும் யாரும் தாண்டி ஒயர் இழுக்கக்கூடாது. ஆள் பக்கத்தில் இல்லாத மோட்டாருக்கு அவைதான் காவல்.

நூறு ரூபாய்க்குப் போர்டு வாங்குகிறவர், இன்னும் சில நூறு போட்டு ஒரு மீட்டரும் வாங்கிவிட வேண்டும். அளந்து மாட்டியவர் ராத்திரி தூங்குவார். அளக்காமல் மாட்டியவர் பழையபடி டார்ச் லைட்டைத் தேடுவார்!