வண்டி எவ்வளவு குடுக்கும் அண்ணாச்சி?

தீபாவளி முடிந்து பட்டாசு லோடு குறைந்ததும் சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கம் பழைய லோடு வண்டிகளைக் கைமாற்றும் பேச்சு தொடங்கிவிடும். குட்டி யானையோ, பிக்அப்போ, ஆறு சக்கர லாரியோ, எதுவானாலும் வாங்க வருகிறவர் டயரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பது இதைத்தான்: “வண்டி எவ்வளவு குடுக்கும் அண்ணாச்சி?” சின்ன வண்டி என்றால் பதிலும் யோசனையில்லாமல் வரும். “பதினெட்டு, தாராளமா குடுக்கும்.”

லிட்டருக்கு அந்தப் பதினெட்டு கிலோமீட்டர் எந்த ரோட்டில், என்ன ஏற்றிக்கொண்டு கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வட்டாரத்தில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

பட்டாசுப் பெட்டி இடத்தை அடைக்கும். அடைத்த இடத்துக்கு எடை குறைவு. உயரமாக அடுக்கித் தார்ப்பாய் கட்டிய வண்டி மதுரை நான்குவழிச் சாலையில் எண்பதில் போனால், எதிர்காற்றைத் தள்ளுவதற்கே டீசல் செலவாகும். பேப்பர் ரீல் அப்படியில்லை. தளத்தில் பாதி நிரம்புவதற்குள் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிடும். காலண்டர் கட்டு, நோட்டுக் கட்டு எல்லாம் அதே ரகம். அந்த எடையோடு ரயில்வே கேட்டில் நின்று, பஜாரில் ஊர்ந்து, அச்சக வாசலில் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பி ஓடிய வண்டியின் கணக்கு வேறு. கிளட்ச் தேய்மானமும் வேறு. ஒரே மாடல், ஒரே வருஷம், ஒரே கிலோமீட்டர் என்று பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கும் ஒரே மைலேஜைச் சொல்வது கணக்கே இல்லை.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. பல டீசல் வண்டிகளில் புகையின் கரியைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துத் தள்ள, வண்டி கொஞ்ச தூரமாவது நிற்காமல் சூடாக ஓட வேண்டும். குடோனிலிருந்து பார்சல் ஷெட், ஷெட்டிலிருந்து குடோன் என்று ஊருக்குள்ளேயே சுற்றிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். அடைத்தால் டீசல் கூடும். கம்பெனிக் கையேட்டில் இருக்கும் மைலேஜும் இங்கே உதவாது. சிறிய வண்டிகளுக்கு அது சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த அளவு.

தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் பழைய விசைப்படகு வாங்குகிறவர்கள் இதில் நம்மைவிடத் தெளிவானவர்கள். கடலில் கிலோமீட்டர் கணக்கு எடுபடாது. மணிக்கு எத்தனை லிட்டர் என்பதுதான் கேள்வி. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே டீசல் செலவு எகிறும், அடிப்பலகையில் பாசியும் சிப்பியும் ஏறினாலும் எகிறும் என்பதால் எந்த வேகத்தில், வலை இழுக்கும்போதா, வெறுமனே போகும்போதா என்று பிரித்துக் கேட்டாக வேண்டும். விசைப்படகுக்கான விற்பனை வரி விலக்கு டீசலை ஆண்டுக்கு 18,000 லிட்டரிலிருந்து 19,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். அந்த டீசல் அளந்து கொடுக்கப்படுவது. செலவு முழுவதையும் அது காட்டாது; ஆனால் கேட்டுப் பார்க்க ஒரு கணக்காவது உண்டு. நம் லோடு வண்டிக்கு வாய்ச்சொல்தான் உண்டு. ஸ்பீடோமீட்டர் ஓடாத வண்டிக்குக்கூட மைலேஜ் சொல்கிறார்கள்!

அந்த வாய்ச்சொல்லை நம்பிக் கடன் வாங்குகிறவரைப் பற்றித்தான் என் கவலையெல்லாம். நேற்றுவரை இன்னொருவர் வண்டியை ஓட்டிச் சம்பளம் வாங்கியவர், மனைவியின் நகையை அடகு வைத்து, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டுச் சொந்த வண்டி எடுக்கிறார். பதினெட்டு கிடைக்கும் என்று தவணையைக் கணக்குப் போடுகிறார். கிடைப்பது பதினான்கு என்று வையுங்கள். நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டர் ஓடினால் ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடுதலாகும். லிட்டர் 92 ரூபாய், மாதம் 25 நாள் ஓட்டம் என்றால் மாதத்துக்குச் சுமார் 3,650 ரூபாய், வருஷத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல். அதைச் சரிக்கட்ட ஓவர்லோடு ஏற்றுவார், தூக்கத்தை விட்டு இன்னொரு ட்ரிப் அடிப்பார். பட்டாசு ஏறும் வண்டியில் இரண்டுமே ஆபத்து. விற்றவர் போகிற போக்கில் சொன்ன ஒரு எண் கொண்டுபோய் விடுகிற இடம் இது.

உண்மையைச் சொன்னால் விலை படியாது என்பார்கள் தரகர்கள். பக்கத்து வண்டிக்காரர் இருபது என்று சொல்லும்போது அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். ஆனால் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. கையில் ஆதாரம் இல்லாத ஒன்றை, மனதார நம்பிச் சொன்னாலும், உறுதியாகச் சொல்லி அது பொய்யானால் அது தவறான கூற்று என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 18-ஆம் பிரிவு. அதை நம்பி வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம் என்கிறது அடுத்த பிரிவு. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் அந்த உரிமை கிடைக்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் வாங்குகிறவரும் சும்மா இருக்க முடியாது.

சோதிப்பது எளிது. டேங்க்கை முழுக்க நிரப்பி, வழக்கமான லோடோடு நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி முழுக்க நிரப்பினால் போதும். தூரத்தைப் போன் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி மீட்டரை நம்ப வேண்டாம். சிவகாசியிலிருந்து விருதுநகர் வரை இரண்டு தடவை போய் வந்தாலே நூறு தாண்டிவிடும்.

வண்டி விற்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி மூன்று மாத டீசல் பில்லை எடுத்து வையுங்கள். காலியாக இவ்வளவு, பட்டாசு லோடுக்கு இவ்வளவு, பேப்பர் லோடுக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால், “சரியாத் தெரியாது தம்பி, டேங்க் நிரப்பி ஓட்டிப் பாத்துக்கோங்க” என்று சாவியைக் கொடுங்கள்.