புளியை எப்போது ஊற்ற வேண்டும்?

கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழும்போது வெள்ளை வேட்டியில் இரண்டு சொட்டு சாம்பார் சிந்தியிருக்கும். வீட்டுக்கு வந்து அந்த இடத்தில் சோப்பு போட்டுத் தேய்த்தால், மஞ்சளாக இருந்த கறை சட்டென்று செங்கல் நிறத்துக்கு மாறும். கறை முற்றிவிட்டதே என்று பதறி பிளீச்சிங் பவுடரைத் தேடுகிறவர்கள் உண்டு. துணி துவைத்துப் பழகிய பாட்டிமார் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகுமட்டும் சோப்பில் கசக்கி, நன்றாக அலசி, கறை வெயிலைப் பார்க்கும்படி கொடியில் போட்டுவிடுவார்கள். மாலையில் எடுக்கும்போது கறை வெளிறியிருக்கும். மறுபடி ஒரு துவையல், இன்னொரு நாள் வெயில், அதோடு இடம் தெரியாமல் போய்விடும்.

இந்தச் சின்ன வேலைக்குள் இரண்டு வேதியியல் பாடங்கள் இருக்கின்றன. மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். காரத்தன்மை உள்ள எதுவும் பட்டால் அது சிவக்கும். சோப்பு காரம், சுண்ணாம்பும் காரம். மஞ்சள் நீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும், சோப்பு பட்ட சாம்பார்க் கறை சிவப்பதும் ஒரே மாற்றம்தான். சோப்பை அலசிவிட்டால் கறை பழைய மஞ்சளுக்குத் திரும்பிவிடும், ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது பாடம், குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. வெயில் பட்டால் அதன் மூலக்கூறு உடைந்துபோகிறது, உடைந்த துண்டுகளுக்கு அந்த மஞ்சள் நிறம் கிடையாது.

காரணம் தெரிந்துவிட்டால் ஒரு குறிப்பு நாலாகப் பெருகும். மஞ்சள் பிடித்த மிக்ஸி மூடியையும் பிளாஸ்டிக் டிபன் டப்பாவையும் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்க வேண்டியதில்லை. கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தால் போதும். மஞ்சள் பொடியைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஜன்னலோர அலமாரியில் வைக்கக் கூடாது என்பதும் தானாகப் புரியும். நம் வீடுகளில் இந்த அறிவெல்லாம் "இப்படிச் செய்" என்ற கட்டளையாகவே கைமாறி வந்திருக்கிறது. ஏன் என்பது நடுவில் எங்கோ உதிர்ந்துவிட்டது. அதைத் திரும்ப எடுத்து ஒட்டிவைப்பது பெரிய உபகாரம். குறிப்பு எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்று அப்போதுதான் சொல்ல முடியும்.

வாழைக்கறையிடம் வெயில் வைத்தியம் செல்லாது. வாழைச் சாறு காற்றுப் பட்டுக் கறுக்கிற வகை. அதிலுள்ள பாலிபீனால்களை ஒரு நொதி காற்றோடு சேர்த்துக் கருநிறப் பொருளாக மாற்றுகிறது. அப்படி மாறிய பிறகு போராடிப் பயனில்லை, மாறவிடாமல் தடுக்கத்தான் முடியும். வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கியதும் மோரில் போடுகிறார்களே, அது இதற்காகத்தான். மோரின் புளிப்பில் அந்த நொதி மந்தப்பட்டுவிடும், மோருக்குள் மூழ்கியிருப்பதால் காற்றும் நேராகப் படாது. கத்தரிக்காயை அரிந்து தண்ணீரில் போடுவதில் காற்று தடைபடுவது மட்டும்தான் நடக்கிறது. ஒரு ஸ்பூன் மோர் கலந்தால் நொதிக்கும் கடிவாளம் விழும்.

பலாப்பழம் அரிகிறவர் கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார். பலாப்பால் தண்ணீரோடு சேராது, எண்ணெயோடு சேரும். பச்சை மிளகாய் நறுக்கிய கை எரிவதற்கும் இதே கணக்குதான். எரிச்சலைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரைவதில்லை என்பதால் குழாயடியில் எத்தனை தடவை கை கழுவினாலும் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவினால் எரிச்சல் அடங்கும். வாய் எரிந்தால் தண்ணீரைவிடத் தயிரோ பாலோ உதவும். பாலிலுள்ள கேசின் என்ற புரதம் கேப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு போகிறது. மிளகாய் தின்றால் வாய் ஏன் நெருப்பாகத் தோன்றுகிறது என்பதை அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் 1997-ல் கண்டறிந்தார். உண்மையான சூட்டை உணரும் நரம்பு வாங்கியைத்தான் கேப்சைசினும் தட்டி எழுப்புகிறது. 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆர்டெம் பட்டபூட்டியனுடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

இனி சாம்பார். காயும் பருப்பும் வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும் என்று சமையல் கற்றுக்கொடுக்கிற எல்லோரும் சொல்வார்கள். அவசரத்தில் முன்னாலேயே ஊற்றிவிட்டால் முருங்கைக்காய் விறைத்துக்கொண்டு நிற்கும், பருப்பு முழித்துக்கொண்டு கிடக்கும். காய்கறியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின். வேகவைப்பது என்பது பெரும்பாலும் அந்தப் பெக்டினைச் சூட்டில் கரைத்து இளக்குவதுதான். புளிப்புச் சேர்ந்தால் பெக்டின் லேசில் இளகுவதில்லை. ஆகவே குழைய வேண்டியவற்றுக்குப் புளி கடைசி. குழையக் கூடாதவற்றுக்கு? வெண்டைக்காய் வதக்கும்போது சீக்கிரமே கொஞ்சம் புளித்தண்ணீரோ தயிரோ தெளிப்பவர்கள் செய்வது சரி. காய் உருக்குலையாமல் நிற்கும், கொழகொழப்பும் குறையும்.

ஆப்பச்சோடா நேர் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. அது காரம் என்பதால் பெக்டினை உடைத்துத் தள்ளும். கொண்டைக்கடலையில் ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். ஆனால் காரத்தில் தயமின் என்ற பி1 வைட்டமின் அழிந்துபோகும். பருப்பும் பயறும் நமக்குத் தருகிற நல்ல சத்துகளில் அது ஒன்று. முதல் நாள் இரவே ஊறப்போட மறந்ததற்கு அந்த விலை கொடுக்க வேண்டாம்.

புதிதாக வீடு மாறியவர்கள் "இந்தத் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்வதைப் பல ஊர்களில் கேட்கலாம். பருப்பு வாங்கிய கடைக்காரரையும் குக்கரையும் சந்தேகப்பட்டு ஓய்ந்த பிறகுதான் தண்ணீர் மேல் கவனம் போகும். போர்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கூடுதலாக இருந்தால், கால்சியம் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பூட்டிவிடுகிறது. குளித்தால் சோப்பு நுரைக்காத அதே தண்ணீரில் பருப்பும் வேகாது. குடிக்கிற தண்ணீரில் பருப்பை ஊறவைத்து, அதிலேயே வேகவைத்துப் பார்த்தால் வித்தியாசம் கையில் தெரியும். பருப்புக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்துவைக்கிற பழக்கம் அனுபவத்தில் பிறந்தது, அதில் துளியும் மூடநம்பிக்கை இல்லை.

தண்ணீர் கொதித்த பிறகு அடுப்பைப் பெரிதாக எரியவிடுவது நம் சமையலறையில் நடக்கிற பெரிய விரயம். சமதளத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தீ கொடுத்தாலும் தண்ணீரின் சூடு ஏறாது, ஆவி மட்டும் வேகமாகப் போகும். மூடி போட்டு சிம்மில் வைத்தாலும் உருளைக்கிழங்குக்குக் கிடைப்பது அதே 100 டிகிரிதான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியிலோ தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவைப்பது பொறுமைக்குச் சோதனை.

அந்த மலைக் குறையைத் தீர்ப்பதும் சமவெளியில் நேரத்தை மிச்சம் பிடிப்பதும் பிரஷர் குக்கர். 1679-ல் லண்டனில் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இதன் முன்னோடியைச் செய்தார். ஆவியை அடைத்துவைத்தால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் ஏறும். இன்றைய குக்கரில் அது 120 டிகிரி வரை போகிறது. வெயிட் தூக்கிக்கொண்டு சத்தம் போடுவது, உள்ளே அழுத்தம் அதன் உச்சத்தை எட்டிவிட்டது என்பதற்கான செய்தி. அதன் பிறகும் தீயைக் குறைக்காமல் ஆறு விசில், எட்டு விசில் என்று எண்ணிக்கொண்டிருந்தால் உள்ளே சூடு கூடுவதில்லை. எரிவாயுதான் ஆவியாகச் சீறிக்கொண்டு வெளியே போகிறது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து இத்தனை நிமிடம் என்று கணக்கு வைப்பதே சரியான முறை. விசில் எண்ணிக்கை அடுப்புக்கு அடுப்பு மாறும், நிமிடம் மாறாது.

மாங்காயையும் சப்போட்டாவையும் அரிசிப் பானைக்குள் புதைத்துப் பழுக்கவைப்பதன் காரணம் தெரிய உலகம் இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருந்தது. 1901-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் டிமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வுக்கூடத்தில் முளைத்த பட்டாணிச் செடிகள் நேராக வளராமல் படுத்து வளர்வதைக் கவனித்தார். விளக்கெரிக்கும் வாயுவிலிருந்து கசிந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். பழங்களும் எத்திலீனை வெளிவிடுகின்றன என்பதை 1934-ல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேன் நிரூபித்தார். பழம் விடும் அந்த வாயுவே பழத்தைக் கனியவைக்கிறது. அரிசி அதை வெளியே ஓடவிடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். வாழைத்தாருக்குப் புகை மூட்டம் போடும் பழைய முறையிலும் புகையிலுள்ள எத்திலீன்தான் வேலை செய்கிறது. எனவே காயோடு ஒரு பழுத்த வாழைப்பழத்தைச் சேர்த்துக் காகிதத்தில் சுற்றிவைத்தால் இன்னும் சீக்கிரம் கனியும். திராட்சை, ஆரஞ்சு, அன்னாசிக்கு இது பலிக்காது. பறித்த பிறகு அவை மேற்கொண்டு பழுப்பதில்லை. கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது, அதன் பக்கமே போகக் கூடாது.

இதே அரிசிப் பானைக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீரில் விழுந்த செல்போனை அதற்குள் புதைப்பது. இது வேண்டாம். அரிசி ஈரத்தை உறிஞ்சும் வேகம் மிகக் குறைவு, அதன் பொடித்தூள் சார்ஜ் போடும் துவாரத்துக்குள் போய்க் கெடுதல்தான் செய்யும். தயாரிப்பு நிறுவனமான ஆப்பிளே தன் போனை அரிசியில் வைக்காதீர்கள் என்கிறது. துவாரம் கீழே பார்க்கும்படி பிடித்து லேசாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் சும்மா வைப்பதே மேல்.

சொல்லி வைத்தாற்போல் வேலை செய்கிற பழைய கண்டுபிடிப்பு என்றால் மண்பானைதான். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் தண்ணீர் ஆவியாவதற்கு ஒரு கிராமுக்குச் சுமார் 580 கலோரி வெப்பம் தேவை. அதை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வெப்பத்தை இழந்தால் 58 கிராம் தண்ணீர் 10 டிகிரி குளிரும். பெயின்ட் அடித்த பானை குளிராததும், உப்புத் தண்ணீர் ஊற்றி உப்புப் படிந்த பானை நாளாக ஆகக் குளிர்ச்சி குறைவதும் துளை அடைபடுவதால்தான். அவ்வப்போது தேங்காய் நாரால் வெளிப்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் பானைக்குக் கொஞ்சம் உயிர் திரும்பும்.

வடக்கு நைஜீரியாவைச் சேர்ந்த ஆசிரியர் முகமது பா அப்பா 1990-களில் இதையே காய்கறிக்குப் பயன்படுத்தினார். பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. மூன்று நாளில் வாடிவிடும் கத்தரிக்காய் அதில் 27 நாள் தாங்கியது. 2000-ல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் 1980-களில் செங்கல் சுவர் இரண்டு எழுப்பி நடுவில் மணல் நிரப்பிய குளிர் அறையை விவசாயிகளுக்காக வடிவமைத்தது.

இரண்டு மண்பானையும் ஒரு சட்டி ஆற்று மணலும் இருந்தால் யாரும் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். வெயில் படாத, காற்று அடிக்கிற இடமாகப் பார்த்து வைத்து, காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். வறண்ட காற்றுதான் ஈரத்தை வேகமாக இழுக்கும் என்பதால் மதுரை, திருச்சி, வேலூர்க்காரர்களுக்குக் கோடையில் இது நன்றாகவே பலிக்கும். கடல்காற்று ஏறிய சென்னை மாலையில் அவ்வளவு குளிர்ச்சி கிடைக்காது. கீரையையும் கொத்தமல்லியையும் மறுநாள் சமையல்வரை வாடாமல் காப்பாற்ற அங்கும் அது போதும்.