சரக்கு வண்டி எங்கே நிற்கும்?

தூத்துக்குடி கிரேட் காட்டன் ரோட்டில் காலை நேரத்தில் நின்று பாருங்கள். பலசரக்குக் கடை வாசல் முழுக்க பைக்குகள். அரிசி ஏற்றி வந்த குட்டியானை (சிறிய சரக்கு வண்டி) வேறு வழியில்லாமல் சாலையிலேயே நிற்கும். லோடுமேன் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, பைக்குகளுக்கு நடுவே உடம்பைத் திருப்பித் திருப்பி உள்ளே போவார். பின்னால் ஹாரன் சத்தம். திட்டெல்லாம் டிரைவருக்கு.

சரக்கால் வளர்ந்த ஊர் இது. 1876-ல் மதுரையிலிருந்து ரயில் வந்தது. பழைய துறைமுகத்தில் இருந்து தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போயின. முத்துக்குளிப்பு 1961-ஓடு முடிந்துபோனது. சரக்கு பெருகிக்கொண்டே இருக்கிறது. 1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் நகருக்கு வெளியே அமைந்ததால், 12 மீட்டர் பெட்டகத்தைச் சுமக்கும் டிரெய்லர்களுக்கு நான்குவழிச் சாலையும் பெட்டக நிலையங்களும் வந்தன. ஊருக்குள் வரும் சில்லறைச் சரக்குக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை.

விதியே இல்லையா? இருக்கிறது. 2005-ன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கார், பைக் நிறுத்துமிடம் போக, ஏற்றி இறக்கவும் கடைகளிடம் தனி இடம் கேட்டது. முதல் 200 சதுர மீட்டரைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் ஒவ்வொரு 1000 சதுர மீட்டருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஓர் இடம், அகலம் 3.75 மீட்டர், நீளம் 7.5 மீட்டர். 1500 சதுர மீட்டர் ஜவுளிக்கடை என்றால் இரண்டு இடம். நான்கு மீட்டர்கூட இல்லாத குட்டியானைக்கு இது தாராளம்.

சிக்கல் அந்த 200-ல்தான். நம் கடைத்தெருக் கடை பெரும்பாலும் 60 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். அப்படி இருபது கடை வரிசையாக இருந்தால் மொத்தம் 1200. ஒரே கட்டடமாக இருந்திருந்தால் ஓர் இடம் விட்டாக வேண்டும். இருபதாகப் பிரிந்திருப்பதால் ஒன்றுகூட இல்லை. ஆனால் வரும் மூட்டை குறையவில்லை, வண்டிதான் கூடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் அந்த விதியிலேயே வரவில்லை. சிலிண்டர், தண்ணீர் கேன், பார்சல், கழிவுநீர் லாரி எல்லாம் அங்கேயும் தெருவில்தான் நிற்கின்றன.

சென்னை 1996-ல் கொத்தவால்சாவடி மொத்த வியாபாரத்தைக் கோயம்பேட்டுக்கு மாற்றியது. மொத்த வியாபாரத்தை மாற்றலாம், தெருமுனைக் கடையை மாற்ற முடியாது. அங்கே வேறு வழி வேண்டும். லண்டனின் 2021 பெருந்திட்டம் கட்டடத்திடமே கேட்கிறது: கட்டி முடித்த பின் சரக்கு எப்படி வரும், வண்டி எங்கே நிற்கும் என்று திட்டத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும்.

இங்கேயும் வரைபட அனுமதியின்போதே அதைக் கேட்கலாம். பழைய தெருக்களில் கடை வரிசைக்கு ஓர் இடம் எனக் கோடு போட்டு, காலையில் சில மணி நேரம் சரக்கு வண்டிக்கு மட்டும் என்று மாநகராட்சி ஒதுக்க வேண்டும். சில பைக்குகள் நிறுத்தும் இடம் போகும், கடைக்காரர்கள் முதலில் எதிர்ப்பார்கள். கோடு போடுவதற்கு முன் அவர்களையும் லோடுமேன்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். எந்தக் கடைக்கு எத்தனை மணிக்கு என்ன வண்டி வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.