சாய்ந்த கோபுரமும் தாங்கிய மண்ணும்

கல்லால் எழுப்பிய கட்டிடம் அசைவற்றதென்பது பொதுமக்கள் கொள்கை. ஆராயுமிடத்து அஃது உண்மையன்று. நிலத்தின் ஈர்ப்பாற்றல் இரவு பகல் ஓய்வின்றி ஒவ்வொரு கல்லையும் கீழ்நோக்கி இழுத்த வண்ணமிருக்கின்றது. கல் அவ்விழுப்பைத் தாங்கி நிற்கும். அதன் அடியிலுள்ள மண்ணோ சிறுகச் சிறுக இடங்கொடுக்கும். இஃது எங்ஙனம் நிகழ்கின்றதென்பதை, இத்தாலி நாட்டுப் பீசா நகரத்து மணிக்கோபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

நிலத்தடி மண் முழுத்திண்மமன்று. நுண்ணிய துகள்களும், அவற்றிடையே துளைகளும், அத்துளைகளில் நிறைந்த நீரும் சேர்ந்ததே அது. அதன்மேற் பாரம் ஏற்றின், முதற்கண் அதனைப் பெரும்பாலும் தாங்குவது நீரே. நீர் கசிந்து வெளியேற வெளியேறப் பாரம் துகள்களைச் சாரும்; துகள்கள் நெருங்கும்; நிலம் தாழும். மணலில் துளைகள் பெரியன. ஆதலின் நீர் விரைவில் நீங்க, கட்டிடம் எழும்பொழுதே தாழ்வும் பெரும்பாலும் முடிந்துவிடும். களிமண்ணில் துளைகள் மிக நுண்ணியன. அங்கு நீர் நீங்கப் பல்லாண்டு செல்லும். இவ்வுண்மையைக் கணித வாயிலாக நிறுவியவர் கார்ல் தெர்சாகி என்னும் பொறியியலறிஞர். மண்ணியக்கத்தைப் பற்றிய அவர்தம் நூல் 1925-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பீசாக் கோபுரம் 1173-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் உயரம் 180 அடிக்குச் சற்று மிகுதி. நிறை 14,000 டன்னுக்கு மேற்பட்டது. இத்துணைப் பாரத்திற்கும் கீழே மென்மையான களிமண் அடுக்குகள் உள்ளன. தென்புறத்து மண் மிகுதியாய்த் தாழவே, கோபுரம் அப்புறம் சாய்ந்தது. சாயுந்தோறும் பாரம் அப்புறமே மிகும்; பாரம் மிகுந்தோறும் அப்புறமே பின்னும் தாழும்.

அங்ஙனமாயின் அது வீழாது நின்றது எவ்வாறு? தாமதமே அதனைக் காத்ததென்க. 1178-ஆம் ஆண்டளவில் நின்றுபோன வேலை 1272-இலேதான் மீண்டும் தொடங்கிற்று. அவ்விடைக்காலத்தில் களிமண்ணின் நீர் கசிந்தது, துகள்கள் நெருங்கின, மண் வலியுற்றது. சில ஆண்டுகளில் வேலை மறுபடியும் நின்றது. உச்சியிலுள்ள மணியறை முடிந்தது ஏறத்தாழ 1370-ஆம் ஆண்டில். இடையறாது கட்டியிருப்பின், மண் பாரந்தாங்காது கோபுரம் அன்றே வீழ்ந்திருக்கும் என்பது அறிஞர் துணிபு. கட்டினோர் கருதாத நன்மை இது.

1989-இல் பவியா நகரத்துப் பழங்கோபுரம் ஒன்று இடிந்து நால்வர் உயிரிழந்தனர். அதனால் அச்சமுற்ற அதிகாரிகள் 1990-இல் பீசாக் கோபுரத்தை மூடினர். தாழ்ந்த தென்புறத்தைத் தூக்க முயலாது, உயர்ந்து நின்ற வடபுறத்தைத் தாழ்த்துதலே தக்கதெனப் பொறியாளர் துணிந்தனர். முதலில் வடபுறத்தில் ஈயக்கட்டிகளை ஏற்றினர். பின்னர், 1999 முதல் 2001 வரை அப்புறத்து அடிமண்ணைத் துளையிட்டுச் சிறிது சிறிதாக அகற்றினர். கோபுரம் மெல்ல நிமிர்ந்து, அதன் உச்சி ஏறக்குறைய ஒன்றரை அடி பின்வாங்கிற்று. 2001-ஆம் ஆண்டின் இறுதியில் அது மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பெற்றது.

வீழ்த்தவிருந்த ஈர்ப்பாற்றலே நிமிர்த்துதற்கும் கருவியாயிற்று. முற்றும் நிமிர்த்தல் அவர் கருத்தன்று. இடர் நீங்குமளவே நிமிர்த்தினர். கட்டிடம் சமைப்போர் கல்லின் வலிமையோடு, மண்ணுக்கு வேண்டிய காலத்தையும் கணக்கிடுதல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.