நலங்கு மாவும் வற்றல் வெயிலும்

பங்குனி பிறந்து வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியதும் நம் ஊர் மொட்டை மாடிகளில் பழைய வேட்டிகள் விரிகின்றன. ஒன்றில் கூழ்வடாம், இன்னொன்றில் மோர்மிளகாய், ஓரமாகச் சீயக்காய். உள்ளே வெயில் படாத இடத்தில் ஒரு முறத்தில் ஆவாரம்பூவும் ரோஜா இதழும். நலங்கு மாவு என்றும் குளியல் பொடி என்றும் நாம் சொல்லும் வீட்டுத் தயாரிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதில் சேரும் ஒவ்வொரு மூலிகையின் குணத்தையும் வரிசையாகச் சொல்வார்கள். இது நிறம் கொடுக்கும், அது பருவைப் போக்கும், மற்றது முடியை உதிர்க்கும். அந்தப் பேச்சில் வேட்டியும் வெயிலும் வருவதே இல்லை. நலங்கு மாவை மருந்துப் பெட்டியில் தேடுவதைவிட வற்றல் பானைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு யோசித்துச் செய்யப்பட்ட பொருள் என்பது விளங்கும் என்று நினைக்கிறேன். அது முதலில் ஒரு பதப்படுத்தும் கலை. மூலிகை வைத்தியம் அதற்குப் பிறகுதான்.

வற்றல் ஏன் கெடுவதில்லை? பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர ஈரம் வேண்டும். பொருளுக்குள் கட்டுப்படாமல் இருக்கும் ஈரத்தை விஞ்ஞானிகள் 0 முதல் 1 வரையான ஓர் அளவால் குறிக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு அந்த அளவு 1. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.9-க்கு மேல் தேவை, பூஞ்சைகள் அதைவிடக் குறைந்த ஈரத்திலும் பிழைக்கும், 0.6-க்குக் கீழே போனால் எதுவும் வளர்வதில்லை. மாடி வெயிலில் நாலைந்து நாள் காய்ந்து, கையில் எடுத்தால் பொடுபொடுவென்று நொறுங்கும் பொருள் அந்த எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. கிருமிகள் செத்துவிட்டன என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அவை பெருக முடியாமல் கிடக்கின்றன, அவ்வளவுதான். ஈரம் திரும்பி வந்தால் அவையும் திரும்பி வரும். வீட்டில் செய்யும் அழகுப் பொருட்கள் பற்றிய நல்ல யோசனை, கெட்ட யோசனை எல்லாவற்றையும் இந்த ஒரே உண்மையை வைத்துத் தரம் பிரித்துவிடலாம்.

நலங்கு மாவில் என்னென்ன சேர்கிறது என்று பாருங்கள். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, பன்னீர் ரோஜா இதழ், மகிழம்பூ, காய்ந்த ஆரஞ்சுத் தோல். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இந்தப் பட்டியல் மாறும். ஆனால் நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் மல்லிகை இதில் பொதுவாக வருவதில்லை. காரணம் எளிது. மல்லிகை காய்ந்தால் வாசனை போய்விடும்; மகிழம்பூவோ சருகான பிறகும் மணக்கும். வெட்டிவேரும் அப்படித்தான், உலர்ந்து வருடக்கணக்கில் கிடந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் மண்வாசனையோடு எழுந்து வரும். ஆக, காய்ந்தும் தன்னை இழக்காத பொருட்களாகப் பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். அதைவிட ஆச்சரியமானது, இவை வந்து சேரும் காலம். கமலா ஆரஞ்சு மலிவாகக் கிடைப்பது குளிர்காலத்தில். மஞ்சள் அறுவடை தையிலும் மாசியிலும். காவிரி டெல்டாவில் சம்பா வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தை நம்பித் தெளிக்கும் பயறு, பங்குனி சித்திரையில் களத்துக்கு வருகிறது. எல்லாம் கைக்கு எட்டும்போது வானம் நிர்மலமாக இருக்கிறது. வெயில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் ஒரு கைக்குட்டைகூடக் காயாது. தீபாவளி விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அன்று கையில் இருக்க வேண்டிய பொடியை ஆறு மாதம் முன்பே செய்து வைத்தாக வேண்டும். பருவம் இந்தச் செய்முறைக்கு அலங்காரமாக வந்ததில்லை, அதுவும் ஒரு சரக்கு.

பருவத்தோடு சேர்ந்த மற்றக் கைவேலைகளும் இதே கணக்கில் நடக்கின்றன. கொங்கு நாட்டில் போகியன்று வீட்டுக்கும் தொழுவத்துக்கும் காட்டுக்கும் காப்புக் கட்டுவார்கள். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் ஒரு கொத்தாகச் சேர்த்துக் கூரை இறவாணத்தில் செருகுவது வழக்கம். மூன்றும் அந்தப் பருவத்தில் வேலியோரத்தில் காசில்லாமல் கிடைப்பவை. பூளைப்பூவின் வெள்ளைப் பஞ்சுக் கதிர் வாடினாலும் உதிராமல் பல மாதம் நிற்கும். காப்புக்குப் பறித்த ஆவாரம்பூவில் மிஞ்சியதை நிழலில் உலர்த்தினால் குளியல் பொடிக்கு ஆகும். வெட்டிவேரும் இப்படியே. கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணலில் விளையும் அந்த வேரின் நீண்ட இழைகளைத் தட்டியாகப் பின்னிக் கோடையில் ஜன்னலில் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்தால் வரும் காற்று குளிரும். உதிரும் துண்டு வேர் பொடிக்குப் போகும். தட்டியை இரவில் நன்றாகக் காயவிட வேண்டும் என்பதும் அதே விதிதான், இல்லாவிட்டால் பூஞ்சை பூக்கும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு மூன்று. அரை கிலோ பச்சைப்பயறுக்குக் கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், ஆவாரம்பூ 50 கிராம், ரோஜா இதழ் 50 கிராம், வெட்டிவேர், மகிழம்பூ, கோரைக்கிழங்கு மூன்றும் தலா 25 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சிறு குடும்பத்துக்குச் சில மாதங்கள் வரும். பயறும் கிழங்கும் நேர் வெயிலில் காயலாம். பூக்களை நிழலில்தான் உலர்த்த வேண்டும், இல்லையென்றால் வாசனை எண்ணெய் ஆவியாகி நிறமும் வெளுத்துப்போகும். வெட்டிவேரைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்காமல் கொடுத்தால் மில்காரர் திருப்பி அனுப்பிவிடுவார், நார் சுற்றிக்கொள்ளும். மிளகாய் அரைத்த மெஷினில் இதைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சீயக்காய்க்கென்று தனி மெஷின் வைத்திருக்கும் மில்லைத் தேடுவது நல்லது. அரைத்து வரும் மாவு சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடிக்கு அடியில் வியர்த்து, காயவைத்த உழைப்பெல்லாம் ஒரே இரவில் வீணாகும். காகிதத்தில் பரப்பி ஆறவிட்டு, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். வஸ்திரகாயம் என்று சித்த வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். சலிக்காத பொடியில் இருக்கும் வெட்டிவேர்த் தும்பும் கிழங்குத் துணுக்கும் தோலைக் கீறும். கரகரப்பாக இருந்தால்தான் அழுக்குப் போகும் என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் நாளடைவில் தோலின் மேலடுக்கைத்தான் தேய்க்கிறார்கள்.

சரி, இதெல்லாம் செய்து என்ன பயன்? சோப்பு எதற்கு இருக்கிறது? நியாயமான கேள்வி. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். அளவு ஏறக்குறைய 5. எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சும் வழக்கமான சோப்பு 9, 10 என்று நிற்கும் காரப் பொருள். பெரும்பாலோருக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை, தோல் சில மணி நேரத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் வறண்ட தோல் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அடிக்கடி சோப்புப் போட்டால் இழுத்துப் பிடிக்கும், அரிக்கும். பயற்று மாவு எண்ணெயை உறிஞ்சி எடுத்துப்போகிறது. சீயக்காய், பூந்திக்கொட்டை, உசிலை மரத்து இலையான அரப்பு ஆகியவற்றில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. அதன் ஒரு முனை தண்ணீரையும் மறு முனை எண்ணெயையும் பற்றிக்கொள்வதால் காரம் இல்லாமலே அழுக்கு கழன்று வரும். கண்ணில் பட்டால் எரியும் என்பது சீயக்காயோடு வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். மென்மையாகச் சுத்தம் செய்வது, இதுதான் நலங்கு மாவால் உறுதியாகச் செய்ய முடிகிற வேலை. அது சிறிய வேலை ஆகிவிடாது.

அதற்கு மேல் சொல்லப்படுபவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. மஞ்சளின் குர்குமினுக்கு வீக்கத்தையும் எரிச்சலையும் தணிக்கும் தன்மை உண்டு என்று ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன. ஆனால் குர்குமின் தண்ணீரில் கரைவதே அரிது. நாமோ பூசி இரண்டு நிமிடத்தில் கழுவிவிடுகிறோம். ஆய்வகத்தின் கண்ணாடிக் குடுவையில் நடப்பது குளியலறையில் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தோலின் நிறத்தை முடிவு செய்வது மெலனின். அதை எந்த மாவும் கழுவி எடுத்துவிடாது, எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. கறுப்புக் குழந்தையை வெளுப்பாக்கும் என்று சொல்லி இந்தப் பொடியை விற்பவர்கள், ஒரு நல்ல பொருளின் மேல் ஒரு பொல்லாத எண்ணத்தை ஏற்றி விற்கிறார்கள். படை, சொறி, ஆறாத பரு இருந்தால் தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

"இயற்கைப் பொருள்தானே, கெடுதல் என்ன வரப்போகிறது?" என்பது எதிர்ப்பக்கத்து வாதம். மிகவும் அபாயமான வாதமும் இதுதான். நலங்கு மாவுப் பட்டியல்கள் பலவற்றில் கார்போகரிசி என்று ஒன்று இருக்கும். அதில் சோரலென் வகைப் பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கலாம், கருந்தழும்பு தங்கலாம். வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் சோரலெனையும் புற ஊதா ஒளியையும் சேர்த்து அளந்து கொடுக்கும் சிகிச்சை இந்தத் தன்மையை நம்பியே நடக்கிறது. மருத்துவர் அளந்து கொடுக்கும் பொருளைக் கைப்பிடிக் கணக்கில் மாவில் சேர்த்துக் குளித்துவிட்டுச் சித்திரை வெயிலில் இறங்குவது சரியாகுமா? என் கருத்தில் கார்போகரிசியை விட்டுவிடுவதே நல்லது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசுவதும் இதே வகைக் காயத்தைத் தரலாம். அதன் அமிலம் வேறு தோலுக்குப் பொருந்தாத அளவு கடுமையானது. கற்றாழையை அறுத்தவுடன் வடியும் மஞ்சள் பாலும் சிலருக்கு அரிக்கும். மடலை நிறுத்தி வைத்து அதை வடியவிட்டுக் கழுவிய பிறகே உள்சோற்றை எடுக்க வேண்டும். எந்தப் பொடியையும் முன்கையின் உட்பக்கத்தில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோகலாம். கைக்குழந்தைகளுக்கு உலர்ந்த மாவைத் தூவவே கூடாது, மூச்சில் ஏறும்.

ஈரத்தின் கதைக்குத் திரும்புவோம், ஏனென்றால் இன்றைய வீட்டு அழகுக் குறிப்புகள் சறுக்குவது அங்கேதான். கற்றாழை ஜெல், வெள்ளரிச் சாறு, செம்பருத்தி நீர், வீட்டிலேயே கலக்கும் கிரீம் என்று இப்போது பரவியிருப்பவை எல்லாம் தண்ணீர் நிறைந்தவை. "கெமிக்கல் சேர்க்கவில்லை" என்று பெருமையோடு சொல்லி அதையே ஒரு மாதம் வைத்துப் பூசச் சொல்கிறார்கள். கடைக் கிரீமில் பிரிசர்வேட்டிவ் சேர்ப்பது ஏமாற்று வேலை கிடையாது. தண்ணீரும் செடிச் சாறும் இருக்கும் இடத்தில் கிருமி பெருகும் என்பதால்தான் சேர்க்கிறார்கள். அதைச் சேர்க்காத ஈரப் பொருள் கண்ணுக்குத் தெளிவாகவும் மூக்குக்கு மணமாகவும் இருக்கும்போதே கிருமி மிகுந்திருக்கலாம். தோலில் சிறு கீறல் இருந்தால் போதும், உள்ளே இறங்கிவிடும். நம் பாட்டிமார்களிடம் பிரிசர்வேட்டிவ் இல்லை. அவர்கள் அதற்கு மாற்றாகக் கண்டது இரண்டே வழி: காயவைத்துச் சேமிப்பது, அல்லது அன்றன்றைக்கு அரைத்து அன்றே தீர்ப்பது. மருதாணியை அரைத்த அன்றே கையில் இடுகிறோம், அரைத்த மஞ்சளை அன்றே பூசுகிறோம். மூன்றாவதாக ஈரமாகவே சேமிக்கும் வழி ஒன்றை நாமாகச் சேர்த்துக்கொண்டு அதற்குப் பாரம்பரியம் என்று பெயரிடுவது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

இன்னொரு ஆட்சேபம் வரும்: நேரம் எங்கே, கடையில் பொடியாகவே கிடைக்கிறதே. வாங்கலாம். ஆனால் பொடியான பிறகு எதையும் கண்ணால் அடையாளம் காண முடியாது. வங்கதேசத்தில் மஞ்சளின் நிறத்தைத் தூக்கிக் காட்ட ஈயக் குரோமேட் என்ற நச்சு நிறமியைக் கலந்ததை 2019-ல் வெளியான ஆய்வுகள் அம்பலப்படுத்தின. அதன் பிறகே அந்த அரசு கடுமையாக இறங்கியது. கஸ்தூரி மஞ்சளிலும் குழப்பம் உண்டு. உண்மையான கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உள்ளே வெளிறிய நிறமாக, கற்பூரம் கலந்தாற்போன்ற வாசனையோடு இருக்கும். பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் வேறு கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் முழுக் கிழங்காக வாங்கினால் உடைத்துப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். வேலையும் நினைப்பது போல் வாரந்தோறும் வருவதில்லை. வருடத்தில் ஒரு வாரம், அதிலும் உழைப்பது வெயில்தான். வடாம் பிழியும் வீட்டில் இன்னும் ஒரு முறம் கூடுதலாக வெளியே வரும்.

வீட்டுக்குச் செய்வதை அக்கம்பக்கத்துக்கு விற்கத் தொடங்குபவர்கள் இப்போது நிறைய. அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். விற்பனைக்கென்று அழகுப் பொருள் தயாரிக்க இந்தியாவில் உரிமம் வேண்டும். உறையின் மேல் சேர்பொருளும் காலாவதித் தேதியும் இருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. இது பெரிய கம்பெனிகளுக்கு மட்டுமான சட்டம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். வாங்குகிறவரின் தோலுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்குத்தான் தெரியும், அதற்குப் பட்டியல் அவர் கையில் இருந்தாக வேண்டும்.

செய்து வைத்த பொடியைக் குளியலறை மாடத்தில் வைக்காதீர்கள், அங்கே ஆவி பட்டுக்கொண்டே இருக்கும். பெரிய டப்பா சமையலறை அலமாரியில், மளிகைச் சாமான்களோடு இருக்கட்டும். அன்றன்றைக்கு வேண்டியதை உலர்ந்த கரண்டியால் ஒரு கிண்ணத்தில் எடுத்து, குளிக்கப் போகும்போது தண்ணீரிலோ மோரிலோ குழைத்துக்கொள்ளுங்கள். குழைத்ததில் மிஞ்சியதைச் செடிக்கு ஊற்றிவிடலாம். ஐப்பசி மழையில் டப்பாவைத் திறக்கும்போது கட்டி தட்டியிருந்தாலோ, பங்குனியில் இருந்த மகிழம்பூ வாசனைக்குப் பதிலாக மக்கிய வாசனை வந்தாலோ, ஈரம் புகுந்துவிட்டது. அந்தப் பொடி முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான்.