பாட்டிலுக்குள் ஃபைட்டர் மீன்

ஃபைட்டர் மீனை ஒரு சிறு பாட்டிலிலேயே வளர்த்துவிடலாம் என்று வண்ண மீன் கடைகளில் சொல்வார்கள். அதன் செவுள்களுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து விழுங்கும் காற்றிலிருந்து ஆக்சிஜனை ரத்தத்தில் சேர்ப்பது அதுதான். ஆகவே ஆக்சிஜன் குறைந்த நீரிலும் மீன் தாக்குப்பிடிக்கும் என்பது மெய். ஆனால் பாட்டிலில் அதன் உயிரைக் குடிப்பது கழிவிலிருந்து சேரும் அம்மோனியா. காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அந்த நஞ்சை என்ன செய்துவிட முடியும்?

தாய்லாந்தின் நெல்வயல்களில் முழங்கால் ஆழ நீரில் வாழும் மீன்தானே என்று கேட்கலாம். ஆழம்தான் குறைவு, பரப்பு பெரிது. செடிகளும் மண்ணின் பாக்டீரியாவும் அங்கே கழிவைத் தீர்த்துவிடுகின்றன. (2019இல் அந்நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக்கியது, பாட்டிலுக்குரிய மரியாதை அல்ல அது.) இரண்டு ஆண் மீன்கள் சேர்ந்தால் சண்டை மூளும் என்பதும் சரிதான், அதற்காகத் தனித்தொட்டி தரலாம், குறுகிய தொட்டி எதற்கு? சுமார் 20 லிட்டர் நீர், 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பம், மெல்ல ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் துள்ளி வெளியே விழாதபடி மூடி, மூடிக்குக் கீழே காற்றுக்குக் கொஞ்சம் இடம். வாரந்தோறும் கால் பங்கு நீரை, குளோரின் நீக்கிய நீரால் மாற்றுங்கள். இதற்கெல்லாம் இடமில்லையென்றால் மீனை வாங்காதீர்கள்.