சிக்கிய சாவியை எடுக்கும் முறை

வண்டியின் பூட்டில் சாவி சிக்கிக்கொண்டால் நம்மில் பலர் முதலில் நம்புவது கைவலிமையைத்தான். இரயில் வரும் வேளையும் அலுவலக அவசரமும் நம்மை அவ்வாறு தூண்டுகின்றன. ஆனால் பலமாக முறுக்கிய சாவி, பாதி கையிலும் பாதி பூட்டினுள்ளும் தங்கிவிடக்கூடும். சிறிது பொறுமையால் தீரவேண்டிய தொல்லை, பூட்டையே மாற்றும் செலவாக முடியும். ஆதலின் சாவி ஏன் வர மறுக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை நாம் அறிவோம். வாகனப் பூட்டின் அமைப்பு அதனின்றும் வேறானது. அசையாத கூட்டினுள் சுழலும் உருளை ஒன்று உண்டு. அவ்வுருளையில் மெல்லிய தகடுகள் குறுக்காக அடுக்கப்பட்டுள்ளன. சிறு விற்சுருள்கள் அவற்றை வெளியே தள்ளிக் கூட்டின் பள்ளத்தில் மாட்டி வைக்கின்றன. உரிய சாவி நுழைந்ததும் தகடுகள் யாவும் உருளைக்குள் அடங்க, உருளை சுழல்கிறது.

சாவியை வெளியே இழுக்கும்பொழுது, அதன் வெட்டுகளுக்கேற்பத் தகடுகள் மீண்டும் ஏறி இறங்கவேண்டும். அதற்கு அவை பள்ளத்திற்கு நேரே நிற்றல் அவசியம். உருளை மயிரிழை விலகி நின்றாலும் சாவி வாராது. எனவே முதற்காரியம், சாவியை உள்ளே மெதுவாக அழுத்தி, நிறுத்தும் நிலைக்கு முற்றிலும் திருப்புவதே. கைப்பிடிப் பூட்டு இறுகியிருந்தால், கைப்பிடியை இருபுறமும் சற்றே அசைத்தபடி திருப்பவேண்டும். தானியங்கிப் பல்லிணை உள்ள கார்களில், பல்லிணைக்கோல் நிறுத்த நிலைக்கு வராவிடில் சாவி விடுபடாது.

நிலை சரியாயிருந்தும் வாராவிடில், அழுக்கோ துருவோ காரணமாகலாம். தாணேக் கடற்கழியை அடுத்த ஐரோலியில் உப்புக் காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையும், வெட்டவெளியில் நாள் முழுதும் நிற்கும் வண்டிகளைத் தாக்குகின்றன. ஈரத்தை அகற்றும் தெளிப்பு எண்ணெயைச் சிறிதளவு செலுத்தி, சில நிமிடம் கழித்துச் சாவியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கலாம். தேங்காய் எண்ணெய் கூடாது. அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். காய்ந்த பூட்டுக்குப் பின்னர் கிராஃபைட் தூள் நன்று.

சாவி முறிந்துவிட்டால் பசை தடவி இழுத்தல் ஆகாது. பசை தகடுகளையே ஒட்டிவிடும். துண்டின் நுனி வெளியே தெரிந்தால் கூரிய இடுக்கியால் நேராக இழுக்கலாம். உள்ளே மறைந்திருந்தால் பூட்டுத் தொழிலாளியிடம் விடுதலே நலம். சாவி என்னும் சொல் போர்த்துகீசியத்திலிருந்து நமக்கு வந்தது. மராத்தியிலும் அஃது ஏறக்குறைய அவ்வாறே வழங்குவதால், நம் குறையை எடுத்துரைக்க மொழி தடையாகாது. வண்டியின் பதிவுச் சான்றை உடன் கொண்டுசெல்க. முறிந்த துண்டுகளையும் எறிந்துவிடலாகாது. அவை புதுச்சாவிக்கு அளவாக உதவும்.

இத்தொல்லை வருமுன் காத்தல் எளிது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டிய மறுசாவி, அத்தேய்மானத்தையும் சேர்த்தே பெறும். ஆகவே அதிகம் வழங்காத இரண்டாவது சாவியை வீட்டில் பத்திரமாக வைத்து, புதியது வேண்டும்போது அதனையே மாதிரியாகக் கொடுத்தல் வேண்டும். கனத்த சாவிக்கொத்தைப் பூட்டில் தொங்கவிடுவதும் தவிர்க்கத்தக்கது.